கியர்பாக்ஸ் ரீபில்ட் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? ஒரு பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை வைத்து எளிய விளக்கம்

பழைய கார் ஒன்றில் கியர் போடும்போது ‘கர்ர்’ என்று அரைக்கிற சத்தம் கேட்டால், பக்கத்தில் இருப்பவர்களில் ஒருவர் உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்: “கியர் பல்லெல்லாம் தேஞ்சுபோச்சு, பாக்ஸையே மாத்தணும்.” பெரும்பாலும் இது தப்பு. பிரித்துப் பார்த்தால் பெரிய பல்சக்கரங்கள் நல்ல நிலையில்தான் இருக்கும். கெட்டுப்போயிருப்பது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு வெண்கல வளையமாகவோ, ஊசி போன்ற சில உருளைகளாகவோ இருக்கும். கியர் மாற்றும்போது உள்ளே என்ன நகர்கிறது என்று தெரிந்துவிட்டால், ரீபில்ட் (பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டுவது) என்ற வேலையில் எதை மாற்றுகிறார்கள், எதைத் தொடுவதில்லை என்பதும் விளங்கிவிடும்.

பொதுவாகப் பேசினால் காற்றில் பேசுவது போலிருக்கும். அதனால் ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து கேன்லி ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான, இரண்டே பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இத்தாலியின் ஜொவான்னி மிகெலோட்டி வரைந்த வடிவம். அடியில் இருப்பது ட்ரையம்ஃப் ஹெரால்ட் காரின் சேஸி (அடிச்சட்டம்), நீளம் குறைக்கப்பட்டது. கியர்பாக்ஸும் ஹெரால்டின் குடும்பம்தான். அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்று செய்தார்கள். வீட்டில் யாராவது ஹெரால்ட் ஓட்டியிருந்தால், வண்டி முழுக்க நின்ற பிறகுதான் ஃபர்ஸ்ட் கியர் போடுவார்கள் என்பது நினைவிருக்கும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரிலும் அதே கதை. ஏன் என்பது கீழே வரும்.

கியர்பாக்ஸ் எதற்கு?

பெட்ரோல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதற்குப் பலம் போதாது. நின்றிருக்கும் வண்டியைக் கிளப்ப, எஞ்சின் வேகமாகவும் சக்கரம் மெதுவாகவும் சுற்ற வேண்டும். சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும், அதற்கு ஈடாகத் திருகும் விசை கூடும். கியர்பாக்ஸின் முழு வேலையும் இதுதான்.

முதல் மூன்று மாடல் ஸ்பிட்ஃபயர்களின் கணக்கு இப்படி: ஃபர்ஸ்ட் கியரில் 3.75, செகண்டில் 2.16, தேர்டில் 1.39, டாப்பில் (நான்காவது கியர்) 1. அதாவது ஃபர்ஸ்டில் எஞ்சின் 3.75 சுற்று சுற்றினால்தான் கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒரு சுற்று சுற்றும். டாப்பில் இரண்டும் ஒரே வேகம். இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். கியரையும் ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் சிங்க்ரோவைப் பற்றிப் பேசும்போது ஒரு முறையும், கடைசியில் வேலையைச் சரிபார்க்கும்போது ஒரு முறையும் தேவைப்படும்.

கியர்கள் இடம் மாறுவதில்லை

பெரும்பாலானோர் மனதில் இருக்கும் படம் இது: லீவரைத் தள்ளினால் உள்ளே ஒரு பல்சக்கரம் நகர்ந்துபோய் இன்னொன்றோடு கோத்துக்கொள்ளும். கார் பிறந்த காலத்துக் கியர்பாக்ஸ்கள் அப்படித்தான் இருந்தன. ஆனால் ஸ்பிட்ஃபயரின் செகண்ட், தேர்டு கியர்கள் எப்போதும் தங்கள் ஜோடியோடு கோத்தபடியேதான் இருக்கும். நியூட்ரலிலும் அப்படியே.

பெட்டிக்குள் பார்ப்போம். முன்னால் கிளட்சிலிருந்து வருவது இன்புட் ஷாஃப்ட். அதே நேர்கோட்டில் பின்னால் சக்கரங்களை நோக்கிப் போவது மெயின் ஷாஃப்ட். இரண்டும் தனித்தனி. மெயின் ஷாஃப்ட்டின் முனை மட்டும் இன்புட் ஷாஃப்ட்டின் பின்புறக் குழிக்குள் ஒரு பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டுக்கும் கீழே, பெட்டியில் அசையாமல் குத்தப்பட்ட ஒரு இரும்புத் தண்டு உண்டு. அது லேஷாஃப்ட். அதன் மேல் ஊசி உருளைகளில் சுற்றும் பல்சக்கரக் கொத்துக்கு லேகியர் என்று பெயர். லேஷாஃப்ட்டே சுற்றுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த கார்களில் தண்டு நிற்கும், கொத்துதான் சுற்றும். இந்த வித்தியாசம் பின்னால் ஒரு முக்கியமான தேய்மானத்தைப் புரியவைக்கும்.

இன்புட் ஷாஃப்ட் லேகியரைச் சுழற்றும். லேகியர் மேலே உள்ள செகண்ட், தேர்டு கியர்களைச் சுழற்றும். ஆனால் அந்தக் கியர்கள் மெயின் ஷாஃப்ட்டின் மேல் சும்மா வழுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும், ஷாஃப்ட்டை இழுக்காது. அப்படியானால் வண்டி எப்படி நகர்கிறது? கியருக்குப் பக்கத்தில் ஷாஃப்ட்டோடு பிணைந்த ஒரு ஹப் இருக்கிறது. அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் வளையம் ஸ்லீவ். லீவரைத் தள்ளும்போது செலக்டர் ஃபோர்க் என்ற கவை இந்த ஸ்லீவைத் தள்ளும். கியரின் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கூர் பற்கள் ஒரு வட்டமாக இருக்கும், அவை டாக் பற்கள். ஸ்லீவ் போய் அவற்றின் மேல் ஏறியதும் கியரும் ஷாஃப்ட்டும் பூட்டிக்கொள்ளும். நாம் ‘கியர் விழுந்தது’ என்று சொல்வது இந்தப் பூட்டு விழுவதைத்தான்.

சுருக்கமாக (ஃபர்ஸ்டும் ரிவர்ஸும் தவிர, அவை கீழே வரும்): விசையைக் கடத்தும் பெரிய பற்கள் எந்நேரமும் கோத்தே இருக்கின்றன. லீவர் நகர்த்துவது ஸ்லீவை மட்டும். ‘கர்ர்’ சத்தம் ஸ்லீவும் டாக் பற்களும் உரசும் சத்தம்.

சிங்க்ரோ: ஓடுகிற பஸ்ஸில் ஏறும் கலை

ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் நின்ற இடத்திலிருந்து தாவினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கூடவே ஓடி, பஸ்ஸின் வேகம் வந்ததும் கம்பியைப் பிடித்துக் கால் வைத்தால் சுலபமாக ஏறலாம். ஸ்லீவுக்கும் கியருக்கும் இதே சிக்கல்தான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். செகண்ட் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடுகிறது. மெயின் ஷாஃப்ட்டின் வேகம் 4000 வகுத்தல் 2.16, ஏறக்குறைய 1850. இப்போது கிளட்சை மிதித்துத் தேர்டுக்குத் தள்ளுகிறீர்கள். அந்த நொடியில் தேர்டு கியர் சுற்றுவது 4000 வகுத்தல் 1.39, அதாவது சுமார் 2880. ஷாஃப்ட் 1850, கியர் 2880. யாராவது ஒருவர் இறங்கிவர வேண்டும். ஷாஃப்ட் சக்கரங்களோடு பிணைந்தது, முழு வண்டியின் எடையும் அதன் பின்னால் இருக்கிறது. அதனால் கியர்தான் தன் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதோடு லேகியர், இன்புட் ஷாஃப்ட், கிளட்ச் தட்டு எல்லாமும் சேர்ந்து குறைய வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோ ரிங். வெண்கல வளையம். உள்பக்கம் புனல் போலச் சரிவாக இருக்கும். கியரின் பக்கவாட்டிலும் அதே சரிவில் ஒரு கூம்பு உண்டு. லீவரைத் தள்ளத் தொடங்கியதும் ரிங் அந்தக் கூம்பின் மேல் அழுந்தி, பிரேக் போலப் பிடித்துக் கியரின் வேகத்தை மாற்றும். ரிங்கின் உள்பக்கத்தில் மிக நுண்ணிய வரிகள் செதுக்கியிருப்பார்கள். கூம்பின் மேல் இருக்கும் ஆயில் படலத்தை அறுத்து ஒதுக்குவது அவைதான். ஆயில் விலகாவிட்டால் ரிங் வழுக்கும், பிடிக்காது.

ரிங்குக்கு இன்னொரு வேலையும் உண்டு, அழகான யோசனை அது. வேகம் ஒன்றாகும்வரை ரிங் அரைப் பல் அளவு திரும்பி நின்று, தன் விளிம்புப் பற்களால் ஸ்லீவை மறித்துக்கொள்ளும். வேகம் சேராமல் ஏறவே விடாத கறாரான கண்டக்டர் மாதிரி. வேகம் ஒன்றானதும் திருகும் விசை மறைகிறது, ரிங் லேசாக விலகுகிறது, ஸ்லீவ் உள்ளே போய்விடுகிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள்.

இந்தத் தத்துவத்தை 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் எல்லாக் கியருக்கும் சிங்க்ரோ கொடுக்க ஐரோப்பியச் சிறு கார் நிறுவனங்கள் வெகுகாலம் எடுத்துக்கொண்டன. செலவுதான் காரணம்.

ஃபர்ஸ்டும் ரிவர்ஸும் வேறு சாதி

ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. அங்கே மட்டும் பழைய முறைதான்: பல்சக்கரமே நகர்ந்துபோய் லேகியரோடு கோக்க வேண்டும். அதற்காகப் பற்களைச் சாய்வாக வெட்டாமல் நேராக வெட்டியிருப்பார்கள். நேரான பற்கள் ஊளையிடும் என்பதால்தான் ஃபர்ஸ்டில் கிளம்பும்போது அந்த ‘ஊ…ம்’ சத்தம். அது நோய் இல்லை. 1970-இன் இறுதியில் வந்த நான்காவது மாடலில்தான் ஃபர்ஸ்டுக்கும் சிங்க்ரோ வந்தது. ரிவர்ஸுக்கு அப்போதும் இல்லை.

ஓடும் வண்டியில் ஃபர்ஸ்ட் போட வேண்டுமானால் டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, மறுபடி கிளட்ச் மிதித்து ஃபர்ஸ்ட். சிங்க்ரோ செய்யும் வேலையைக் காலால் செய்வது இது. பழைய லாரி ஓட்டுநர்களுக்கு இது இயல்பாக வரும்.

பிரிப்பதற்கு முன் காதைத் தீட்டுங்கள்

எந்தச் சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு மூன்றிலும் இரைச்சல், டாப்பில் மட்டும் அமைதி என்றால் சந்தேகம் லேகியர் பக்கம். டாப்பில் இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்வதால் லேகியர் சுமையில்லாமல் சும்மா சுற்றும். நியூட்ரலில் முனகல் கேட்டு, கிளட்ச் மிதித்ததும் நின்றால் இன்புட் பேரிங்கோ லேகியர் உருளைகளோ. கிளட்ச் மிதித்தால்தான் சத்தமே வருகிறது என்றால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விலக்கும் பேரிங்), கியர்பாக்ஸில் குற்றமில்லை. ஒரே ஒரு கியரில் மட்டும் ‘கர்ர்’ என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங். செகண்டுதான் முதலில் போகும், ஏனென்றால் வேக வித்தியாசம் அங்கேதான் அதிகம். போட்ட கியர் தானாக வெளியே தாவினால் டாக் பற்களின் கூர் மழுங்கியிருக்கலாம், ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம்.

ஒரு சோதனையை மட்டும் கட்டாயம் செய்துவிடுங்கள். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, சில விநாடிகள் காத்திருந்து, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லை. அதனால் கிளட்ச் ஒழுங்காக விலகியிருந்தால் அதற்குள் எல்லாம் சுற்றி நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழும். காத்திருந்தும் அரைத்தால் கிளட்ச் முழுதாக விலகவில்லை. அது ஹைட்ராலிக் சிலிண்டரில் கசிவாகவோ காற்று புகுந்ததாகவோ இருக்கலாம். இதைப் பார்க்காமல் முழுப் பாக்ஸையும் பிரித்துப் போட்டு, புது ரிங் எல்லாம் மாட்டி, திரும்பவும் அதே ‘கர்ர்’ கேட்டு நொந்துபோகிறவர்கள் ஏராளம்.

வெளியே எடுப்பதும் பிரிப்பதும்

ஸ்பிட்ஃபயரில் இந்த வேலை மற்ற பல கார்களைவிட எளிது. எஞ்சினைத் தொட வேண்டாம். சீட்டுகளைக் கழற்றி, நடுவில் மேடாக இருக்கும் மூடியை எடுத்துவிட்டால் கியர்பாக்ஸ் கண்முன்னே இருக்கும். பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அவிழ்த்து, முன்னால் எஞ்சினோடு சேர்ந்த போல்ட்டுகளைக் கழற்றி, காருக்குள்ளிருந்தே தூக்கி எடுக்கலாம். பெட்டி வெளியே வந்ததும் கிளட்சும் கண்ணில் படும். தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அந்தக் கையோடே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். சில வண்டிகளில் பின்னால் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் பெட்டியும் இருக்கும். அது தனி அத்தியாயம், இங்கே விட்டுவிடலாம்.

ஆயிலை வடிக்கும்போது ஒரு வெள்ளைத் துணி மேல் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். பொன்னிறப் பொடி மினுங்கினால் அது ரிங்குகளும் புஷ்களும் (தண்டுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் உறைகள்) தேய்ந்த வெண்கலம், கொஞ்சம் இருப்பது சகஜம். மீன் செதில் போல வெள்ளித் துணுக்குகள் தட்டுப்பட்டால் எங்கோ கடினமாக்கப்பட்ட இரும்பின் மேல்தோல் உரிகிறது என்று பொருள்.

மேல்மூடியைக் கழற்றினால் செலக்டர் ஃபோர்க்குகள் மூடியோடேயே வந்துவிடும். அப்புறம் லேஷாஃப்ட்டை உருவி, லேகியர் கொத்தைப் பெட்டியின் அடியில் இறக்கிவிட்டால்தான் மற்ற இரண்டு ஷாஃப்ட்டுகளும் வெளியே வர இடம் கிடைக்கும். மெயின் ஷாஃப்ட்டில் கியர்களை அடக்கிப் பிடித்திருக்கும் சர்கிளிப் என்ற ஸ்பிரிங் வளையம் பிடிவாதத்துக்குப் பேர்போனது. அதற்கென்றே சர்ச்சில் நிறுவனம் ஒரு கருவி செய்து டீலர்களுக்குக் கொடுத்தது. கருவி இல்லாதவர்கள் அதைச் சிதைத்துத்தான் எடுக்கிறார்கள். எப்படி எடுத்தாலும் திரும்ப மாட்டும்போது புதிது போட வேண்டும்.

கழற்றும் ஒவ்வொரு ஸ்லீவும் எந்த ஹப்பில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று அடையாளம் வையுங்கள். பல வருடம் ஒன்றாகத் தேய்ந்து பழகிய ஜோடிகள் அவை. மாற்றிப் போட்டால் ஒத்துப்போகாது.

எதை மாற்றுவது, எதை விடுவது

முதலில் கையில் எடுக்க வேண்டியது லேஷாஃப்ட். நகத்தை அதன் மேல் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். புதிது கண்ணாடி போல வழுக்கும். தேய்ந்ததில் உருளைகள் ஓடிய இடத்தில் நகம் தட்டும், இன்னும் மோசமானால் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருக்கும். கவனித்தால் இந்தச் சேதம் தண்டின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். தண்டு சுற்றாமல் நிற்பதால் சுமை முழுக்க எப்போதும் ஒரே பக்கம் விழுகிறது. அங்கே மேல்தோல் உரிந்ததும் உருளைகளும் கெடும், கொத்து ஆடத் தொடங்கும், பற்கள் சரியாகக் கோக்காது, இரைச்சல் வரும். இந்தச் சின்னத் தண்டையும் ஊசி உருளைகளையும் காலத்தில் மாற்றியிருந்தால் தப்பித்திருக்கும் லேகியர்கள் எத்தனையோ.

அடுத்தது சிங்க்ரோ ரிங். அதைக் கியரின் கூம்பில் விரலால் அழுத்தி, திருக முயலுங்கள். பிடிக்க வேண்டும். பிறகு ரிங்கின் விளிம்புக்கும் டாக் பற்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) அளக்க வேண்டும். ரிங் தேயத் தேயக் கூம்பின் மேல் இன்னும் உள்ளே இறங்கும், இடைவெளி குறையும். இடைவெளியே இல்லாமல் போனால் ரிங் கியரின் பக்கவாட்டில் முட்டி நின்றுவிடும், கூம்பைப் பிடிக்காது. புது ரிங் வாங்கினாலும் இதே சோதனையைச் செய்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மாற்று பாகங்களின் தரம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை.

பேரிங்குகள், ஆயில் சீல்கள், கேஸ்கெட்டுகள் எல்லாம் கேள்வியே கேட்காமல் மாற்ற வேண்டியவை. பெரிய பல்சக்கரங்களில் பல் உடைந்தோ குழி விழுந்தோ இல்லையென்றால் கழுவித் திரும்பப் போடலாம்.

அப்புறம் எண்ட் ஃப்ளோட். ஒரு கியரோ கொத்தோ தண்டின் நீளவாக்கில் எவ்வளவு முன்பின் அசையலாம் என்ற அளவு இது. அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குதான். அதிகமானால் கியர் தாவும், குறைந்தால் சூடாகி இறுகும். இதைச் சரிசெய்வது வெவ்வேறு தடிமனில் கிடைக்கும் வாஷர்களால். ஒன்றைப் போட்டு, அளந்து, கழற்றி, வேறொன்றைப் போட்டு, மறுபடி அளந்து என்று பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் என்னைக் கேட்டால் ரீபில்ட் என்பதே இதுதான். விளம்பரங்களில் ‘கியர்பாக்ஸ் ரீபில்ட் செய்யப்பட்டது’ என்று போடுகிறவர்களிடம் எண்ட் ஃப்ளோட் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சீல் மாற்றி வெளியே வெள்ளிப் பெயின்ட் அடித்தவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இதுவரை வந்தது: தேய்வது பெரும்பாலும் லேஷாஃப்ட், ஊசி உருளைகள், சிங்க்ரோ ரிங்குகள், பேரிங்குகள். பாகம் மாற்றுவது பாதி, அளந்து பொருத்துவது மீதி.

திரும்ப மாட்டுவது

லேகியருக்குள் ஊசி உருளைகளை கிரீஸ் பூசி ஒட்டவைத்து அடுக்க வேண்டும். லேஷாஃப்ட்டின் அதே தடிமனில், ஆனால் பெட்டிக்குள் அடங்கும் நீளத்துக்கு வெட்டிய ஒரு குழாயை உள்ளே விட்டால் உருளைகள் விழாது. கொத்தை அப்படியே அடியில் கிடத்தி, மெயின் ஷாஃப்ட்டையும் இன்புட் ஷாஃப்ட்டையும் உட்காரவைத்து, பின் கொத்தைத் தூக்கி நிஜ லேஷாஃப்ட்டைச் செருகினால் அது குழாயை மறுபக்கம் தள்ளிக்கொண்டு வெளியேற்றும். இடையில் ஒரே ஒரு உருளை நழுவினாலும் திரும்ப முதலிலிருந்துதான்.

காரில் ஏற்றுவதற்கு முன் மேசையிலேயே சரிபார்த்துவிடலாம். இன்புட் ஷாஃப்ட்டிலும் பின்புற ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மூன்று சிங்க்ரோ பெட்டியில் (ஃபர்ஸ்டுக்கு சிங்க்ரோ இல்லாத ஆரம்பகாலப் பெட்டி) ஃபர்ஸ்ட் போட்டு இன்புட்டைக் கையால் 15 சுற்று சுற்றினால் பின்பக்கம் சரியாக 4 சுற்று வர வேண்டும். டாப்பில் ஒன்றுக்கு ஒன்று. எல்லாக் கியரும் விழுகிறதா, நியூட்ரலில் பின்பக்கம் இழுக்காமல் நிற்கிறதா, சுற்றும்போது எங்காவது இடறுகிறதா என்று கை சொல்லிவிடும்.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கியர் ஆயில் தரங்களில் ‘ஜி.எல். 5’ தரம் ‘ஜி.எல். 4’ஐவிட எண் அதிகம் என்பதால் உயர்ந்தது என்று நினைத்து ஊற்றுகிறார்கள். அதில் பின் ஆக்சிலுக்காகச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் ரசாயனங்கள் அதிகம். அவற்றில் சில வகைகள் வெண்கலத்தை அரிக்கும். ரிங்குக்குத் தேவையான உராய்வும் குறைந்துபோகும். இந்தப் பெட்டிக்கு ஜி.எல். 4 போதும். அளவு பார்க்கக் குச்சி கிடையாது, பக்கவாட்டு அடைப்பானின் வாய் வரை நிரப்ப வேண்டும். மொத்தம் ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. ஆயில் சீல் லேசாகக் கசிந்தாலும் அளவு சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், சர்வீஸ்தோறும் அந்த அடைப்பானைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு லீவர் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும். புது ரிங்கும் பழைய கூம்பும் பழக அவ்வளவு தூரம் ஆகும். அதுவரை அவசரப்பட்டுத் தள்ளாமல் ஓட்டி, பிறகு ஆயிலை ஒரு தடவை மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலில் இந்த முறையும் பொன்னிறம் கொஞ்சம் மினுங்கும், கவலை வேண்டாம்.